ஐக்கியம் எங்கே இருக்கிறது? முத்துக்குளித்துறையிலிருந்து ஒரு குறிப்பு

சென்னையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் போன மாதம் போனில் கேட்டார்: "ரெண்டு வருஷத்துல நாலு சபை மாறிட்டேன் அண்ணாச்சி. பாட்டு நல்லா இருக்கு, பிரசங்கம் நல்லா இருக்கு. ஆனா நான் ஒரு மாசம் போகலைன்னா ஏன் வரலன்னு கேக்க ஒரு ஆள் இல்ல. உண்மையான ஐக்கியம் எங்கதான் இருக்கு?"

அப்போது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு, எங்கள் தூத்துக்குடி வரலாறு பற்றி எடுத்து வைத்திருந்த குறிப்புகளைப் புரட்டியபோது ஒரு பதில் கிடைத்த மாதிரி இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடக்கம் அத்தனை புனிதம் இல்லை

முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530-களில் கிறிஸ்தவர்கள் ஆனதற்கு முதல் காரணம் பக்தி இல்லை, பாதுகாப்பு. முத்துச்சலாப உரிமைச் சண்டையில் அவர்களுக்குப் போர்த்துக்கீசியர் துணை தேவைப்பட்டது. ஊர்ப் பெரியவர்கள் கொச்சிக்குப் போய்ப் பேசினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றதாகச் சொல்கிறார்கள். ஆளாளுக்கு யோசித்து எடுத்த முடிவல்ல, சாதியே கூடி எடுத்த முடிவு.

ஆனால் ஞானஸ்நானத்தோடு சரி. அதற்குப் பிறகு ஜெபம் சொல்லிக்கொடுக்கக்கூட ஆள் கிடையாது. 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தபோது நிலைமை இதுதான்.

சவேரியார் மணி அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனதும், தமிழில் பெயர்த்து வாங்கிய ஜெபங்களை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்ததும் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, ஊர் ஊருக்கு அவர் வைத்த கணக்கப்பிள்ளைகள். எல்லாரும் உள்ளூர் ஆட்கள். பிள்ளைகளைக் கூட்டி ஜெபம் சொல்லிக்கொடுப்பது, சாமியார் இல்லாதபோது பச்சைப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, கல்யாணத்துக்குத் தடை ஏதும் உண்டா என்று விசாரிப்பது, இதெல்லாம் அவர்கள் வேலை.

இவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது? இந்தக் கரையிலிருந்து போர்த்துக்கல் ராணிக்கு வருஷத்துக்கு 4,000 பணம் போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பேரே ராணியின் செருப்புக் காசு. அந்தக் காசைக் கணக்கப்பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்கும்படி சவேரியார் ராணியிடம் கேட்டு வாங்கினார்.

சவேரியார் சில ஆண்டுகளில் கிழக்கே கிளம்பிவிட்டார். பின்னால் வந்த அன்ரீக்கே அன்ரீக்கஸ் 1600-ல் இறக்கும்வரை ஐம்பது ஆண்டுக்கு மேல் இந்தக் கரையோடேயே இருந்தார். 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் வேலைதான்.

சாமியார் இல்லாத காலம்

உண்மையான சோதனை 1658-ல் வந்தது. டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். சேசு சபைச் சாமியார்கள் வெளியேற்றப்பட்டார்கள். பால்டேயுஸ் என்ற டச்சுப் பாதிரியார் வந்து பரதவர்களைத் தங்கள் சபைக்கு இழுக்கப் பார்த்தார், நடக்கவில்லை. துறைமுகமும் வியாபாரமும் புது எஜமானர் கையில் இருக்கும்போது அவர் சபைக்கே போய்விடுவதுதான் லாபம். பாதுகாப்புக்காகச் சேர்ந்தவர்கள் அதே காரணத்துக்காகப் போயிருக்கலாம், ஆனால் போகவில்லை. இன்று நாம் பார்க்கும் பனிமய மாதா கோயில் எழுந்தது 1713-ல், டச்சு ஆட்சி நடந்துகொண்டிருக்கும்போதே!

ஏன் போகவில்லை? இடைப்பட்ட நூறு வருஷத்தில் ஜெபம், கல்யாணம், சாவு, திருவிழா எல்லாம் ஊர்க்காரர் கைக்கு வந்துவிட்டது என்பதுதான் என் கணிப்பு. சாமியார் போனாலும் வேலை நிற்கவில்லை.

இதைப் பொற்காலமாக்கிவிடக் கூடாது. அந்த ஐக்கியத்தின் எல்லை சாதிதான். அதற்குள்ளும் வசதியுள்ள மேசைக்காரர், கடலில் இறங்கிப் பாடுபடும் கம்மாரக்காரர் என்று பிரிவு இருந்தது. நெருக்கமான கூட்டம் ஆளைத் தாங்கும், வெளியாளைத் தள்ளியும் வைக்கும்.

இன்றைக்கு

இப்போது கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம் என்ற அமைப்பு உண்டு. பக்கத்துப் பக்கத்து வீடுகளாக முப்பது குடும்பம் போல ஒரு அன்பியம். வீடு வீடாக முறை வைத்துக் கூடி, வேதம் வாசித்து, ஜெபிப்பார்கள். நான் பல வருஷம் அதைத் தட்டிக்கழித்தவன். "பூசைக்குப் போறேன்ல, அது போதாதா" என்பேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் சித்தி இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். எங்கள் அன்பியத்துப் பெண்கள் ஒரு நோட்டில் பேர் எழுதி, முறை போட்டுச் சோறு கொண்டுவந்தார்கள். அதில் ஒரு அக்காவுக்கும் எங்கள் வீட்டுக்கும் பழைய வாய்க்கால் தகராறு, பேச்சுவார்த்தை கிடையாது. அவர் முறையன்று தூக்குச்சட்டியை வைத்துவிட்டு, "குழம்புல உப்பு கம்மியாத்தான் போட்டிருக்கேன், டாக்டர் சொன்னாராம்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த நோட்டில் அவர் பேர் இல்லாமலிருந்தால் வந்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

குறையும் இருக்கிறது. கூட்டம் மாலை ஏழு மணிக்கு. விசைப்படகுக்குப் போகிறவர்கள் விடியுமுன்னே கிளம்பி ராத்திரிதான் கரை சேருவார்கள். அதனால் கடலுக்குப் போகிற ஆண்களே இல்லாத அன்பியமாக எங்களுடையது இருக்கிறது. வாடகைக்கு வந்த குடும்பங்களை யாரும் இன்னும் நோட்டில் சேர்க்கவில்லை.

நண்பருக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: "அஞ்சாவது சபை தேடாதீங்க. இப்ப போற சபையில போன மாசம் யார் யார் வரலைன்னு கேளுங்க. யாருக்கும் தெரியலைன்னா, அந்த நோட்டை நீங்க எழுத ஆரம்பிங்க."

சொல்லிவிட்டேனே தவிர, எங்கள் அன்பியத்துக்குச் செயலாளர் இடம் ஆறு மாதமாகக் காலி. இரண்டு முறை என்னிடம் கேட்டுவிட்டார்கள். வேலை அதிகம் என்று சொல்லிவந்தேன். இந்த ஞாயிறு சரி என்று சொல்லப்போகிறேன். முதல் வேலை, அந்த வாடகை வீடுகளுக்குப் போய்ப் பேர் எழுதுவது.