நம் பள்ளி வளாகத்தில் நாம் பார்க்காதவை

பத்து ரூபாய்த் தாளின் பின்பக்கத்தில் என்ன படம் இருக்கிறது? எடுத்துப் பார்க்காமல் சொல்லுங்கள். அதே பக்கத்தில் வரிசையாக அச்சிடப்பட்டுள்ள மொழிகளில் தமிழ் எத்தனையாவது? பழுப்பு நிறப் புதிய தாளில் இருப்பது கொனார்க் சூரியக் கோயில். அந்த வரிசையிலுள்ள 15 மொழிகளில் தமிழ் 13ஆவது. நாள்தோறும் கையில் வாங்கிக் கொடுக்கும் தாள்தான். ஆனாலும் நம்மில் பலருக்கு விடை உடனே வராது.

இது நினைவாற்றல் குறைவு அன்று. நிக்கர்சன், ஆடம்ஸ் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 1979இல் அமெரிக்கர்களிடம் அவர்கள் நாட்டு ஒரு சென்ட் நாணயத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். பெரும்பாலோர் அதிலுள்ள விவரங்களை விட்டுவிட்டார்கள் அல்லது இடம் மாற்றி வரைந்தார்கள். நாணயத்தை அடையாளம் காண நிறமும் அளவும் போதும். தேவைக்கு மேல் எதையும் மனம் பதிவு செய்வதில்லை.

பழகிய இடங்களையும் நாம் இப்படித்தான் பார்க்கிறோம். வாயிற்கதவு, படிக்கட்டு, கொடிக்கம்பம், வேப்பமரம் என்று பெயர் தெரிந்ததுமே பார்வை நகர்ந்துவிடுகிறது. ஆசிரியர்களுக்கு இது முக்கியமான செய்தி. “எங்கள் பள்ளியில் போதிய ஆய்வகம் இல்லை, அருகில் அருங்காட்சியகமும் இல்லை” என்று நாம் சொல்லும்போது, அறிவியல் வேறெங்கோ இருக்கிறது, நம் ஊரில் பார்க்க எதுவும் இல்லை என்ற எண்ணம் மாணவர்களிடமும் படிந்துவிடுகிறது. அந்த எண்ணத்தை மாற்ற வளாகத்திலேயே உள்ள மூன்று இடங்களை எடுத்துக்கொள்வோம்.

கொடிக்கம்பத்தின் நிழல்

“நண்பகலில் சூரியன் எங்கே இருக்கும்?” என்று கேட்டால், “தலைக்கு நேர் மேலே” என்று வகுப்பே சொல்லும். விடை தெரியும் என்பதால் யாரும் நிழலைப் பார்ப்பதில்லை. உண்மையில், தமிழ்நாட்டில் ஓர் ஊரில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஆண்டுக்கு இரண்டு நாள்கள் மட்டுமே. சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 தேதிகளையொட்டி அது நிகழும். கன்னியாகுமரியில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நிகழும். இவையே நிழலில்லா நாள்கள்.

அதைவிட வியப்பானது நிழல் விழும் திசை. ஆண்டின் பெரும்பகுதியில் நண்பகல் நிழல் வடக்கே விழும். இந்த இரு நாள்களுக்கும் இடைப்பட்ட மாதங்களில் தெற்கே விழும். சென்னையில் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டால், ஜூன் 21 அன்று நண்பகல் நிழல் தெற்கே சுமார் 18 செ.மீ. இருக்கும். டிசம்பர் 22 அன்று வடக்கே சுமார் 74 செ.மீ. இருக்கும். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் ஒருமுறையும் அரையாண்டுத் தேர்வு சமயத்தில் ஒருமுறையும் அளந்தால் போதும். பூமியின் அச்சு சாய்ந்திருப்பதற்கான சான்றை மாணவர்கள் தாங்களே அளந்து அறிவார்கள். கடிகாரத்தில் 12 மணி ஆகும் நேரமும் உண்மையான நண்பகலும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. எனவே 11.45 முதல் 12.45 வரை ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை நிழல் நுனியைக் குறித்து, மிகக் குட்டையான நிழலை எடுத்துக்கொள்ள வேண்டும்.

தாழ்வாரத்து மணல்

கட்டடத்தை ஒட்டிய காய்ந்த மணலில் புனல் வடிவச் சிறு குழிகளைப் பார்த்திருப்போம். குழியானையின் வீடு என்று குழந்தைகளுக்குத் தெரியும். சில ஊர்களில் குழிநரி என்பார்கள். அதைத் தோண்டி எடுத்து உள்ளங்கையில் விட்டு விளையாடாத குழந்தை குறைவு. அது பின்னோக்கி நகர்வதையும் கவனித்திருப்பார்கள்.

அந்தக் குழி ஒரு பொறி. காய்ந்த மணல் சரியாமல் நிற்கக்கூடிய அதிகபட்சச் சரிவில் அதன் சுவர் அமைந்திருக்கும். எறும்பு கால் வைத்ததும் மணல் சரியும். எறும்பு மேலேற முயன்றால், அடியில் புதைந்திருக்கும் குழியானை தலையால் மணலை வாரி எறிந்து சரிவை மேலும் குலைக்கும். கீழே விழும் எறும்பைக் கொடுக்கு போன்ற தாடைகளால் பற்றிச் சாற்றை உறிஞ்சிக்கொள்ளும். குழியானை முழு வளர்ச்சி அடைந்த பூச்சி அன்று, அது ஓர் இளவுயிரி. பின்னர் மணலுக்குள் பட்டுநூலால் உருண்டையான கூடு கட்டி, சிறகுள்ள பூச்சியாக வெளிவரும். பார்க்கத் தட்டானைப் போலவே இருக்கும். தட்டானின் உணர்கொம்புகள் மிகச் சிறியவை. இதற்கோ நுனி தடித்த, தெளிவாகத் தெரியும் உணர்கொம்புகள் உண்டு. இரவில் விளக்கொளிக்கு வரும் இப்பூச்சியைக் குழியானையோடு தொடர்புபடுத்திப் பார்ப்பவர்கள் குறைவு.

எங்கள் ஏழாம் வகுப்பில், பாடக் கேள்விகளுக்கு வாய் திறக்காத ஒரு மாணவர் இதைப் பற்றிப் பேசும்போது மட்டும் எழுந்து நின்றார். “சன்ஷேடுக்குக் கீழதான் சார் குழி இருக்கும். வெளிய இருந்தா மழையில அழிஞ்சிரும்” என்றார். அதுவே அன்றைய ஆய்வாயிற்று. ஒரு தட்டின் ஒரு பாதியில் சலித்த நுண்மணல், மறுபாதியில் பருமணல் வைத்து, குழியானை எங்கே குழி தோண்டுகிறது என்று கவனித்தோம். முடிந்ததும் எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டோம். ஆய்வுக் கேள்வியைத் தந்தது அந்த மாணவரின் அனுபவம். அதன்பின் அவர் வகுப்பில் தயங்குவது குறைந்தது.

படிக்கட்டுக் கல்

பழைய கட்டடங்களின் கருங்கல் படியில் தண்ணீர் ஊற்றி, கைலென்ஸ் வழியே பாருங்கள். கண்ணாடி போன்ற மணிகள், வெளிர்நிற மணிகள், கருநிற மணிகள் கலந்திருப்பது தெரியும். பூமியின் ஆழத்தில், மிகுந்த வெப்பத்தில், மெதுவாக உருவான படிகங்கள் அவை.

சென்னை பரங்கிமலை, பல்லாவரம் பகுதியில் கிடைக்கும் கருநீலச் சாயலுள்ள பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கொல்கத்தா நகரின் தொடக்க வரலாற்றில் இடம்பெறும் ஜாப் சார்னாக்கின் கல்லறை இந்த வகைக் கல்லால் ஆனது. அதைக் கொண்டே புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் இப்பெயரைச் சூட்டினார். இப்பாறையின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். நீலகிரியிலும் சேர்வராயன் மலையிலும் இவ்வகைப் பாறை உண்டு. உங்கள் பள்ளிப் படிக்கல் எந்த வகை, எந்தக் குவாரியிலிருந்து வந்தது என்று ஊர்ப் பெரியவர்களிடம் மாணவர்கள் கேட்டு வரலாம்.

வகுப்பறையில் செய்வது எப்படி?

“வெளியே போய் உற்று நோக்குங்கள்” என்று மட்டும் சொன்னால் மாணவர்கள் சுற்றிவிட்டு வந்துவிடுவார்கள். பழகிய இடத்தைப் புதிதாகப் பார்க்க ஒரு கேள்வி வேண்டும். பார்த்தால் மட்டுமே விடை தெரியக்கூடிய கேள்வியாக அது இருக்க வேண்டும். சில வழிகள்:

1. முதலில் நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். வேப்பிலையின் ஓரம் எப்படி இருக்கும்? வாயிற்கதவில் எத்தனை கம்பிகள்? பிறகு நேரில் சென்று ஒப்பிடட்டும்.

2. இடத்தைச் சுருக்குங்கள். ஒரு குழுவுக்கு ஒரு சதுர மீட்டர், பதினைந்து நிமிடம் போதும்.

3. அளக்கவோ எண்ணவோ செய்யுங்கள். அப்போது பார்வை நிலைத்து நிற்கும்.

4. மாணவர்கள் சொல்லும் வட்டாரப் பெயரை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அறிவியல் பெயரை அதன் பிறகு சேர்க்கலாம்.

5. விடை தெரியாத கேள்வியையும் பதிவு செய்யுங்கள். நமக்கும் தெரியாவிட்டால், சேர்ந்து தேடுவோம் என்று சொல்லலாம்.

இவற்றையெல்லாம் ‘வளாகப் பதிவேடு’ என்று ஒரே நோட்டில் தேதியிட்டு எழுதி, பள்ளியிலேயே வைத்திருங்கள். நிழலின் நீளம், குழிகளின் எண்ணிக்கை, வேம்பு பூத்த நாள் ஆகியவற்றை இந்த ஆண்டு ஏழாம் வகுப்பு எழுதட்டும். அடுத்த ஆண்டு ஏழாம் வகுப்புக்கு வருபவர்கள் அந்த எண்களோடு தங்கள் எண்களை ஒப்பிடுவார்கள். செலவு ஒரு நோட்டும் ஓர் அளவுநாடாவும்தான்.