அடுப்பில்லாமல் கொதிக்கும் தண்ணீர்

பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றியதைப் பார்த்திருக்கிறீர்களா? அடுப்பு கிடையாது, நெருப்பு கிடையாது. தண்ணீரில் சுட்ட கிளிஞ்சலைப் போட்டால் போதும். கொஞ்ச நேரத்தில் புஸ்ஸென்று ஆவி கிளம்பும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். அந்தச் சூடு எங்கிருந்து வந்தது?

காளவாயிலிருந்து வந்தது. கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட். ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸில் சுடும்போது அதிலிருந்து கார்பன் டைஆக்சைடு பிரிந்து போய், கால்சியம் ஆக்சைடு மிஞ்சுகிறது. ஒரு மோலுக்கு, அதாவது 100 கிராம் கார்பனேட்டுக்கு, இதற்காக 178 கிலோஜூல் வெப்பம் செலவாகிறது. காளவாய் ஆறிய பிறகும் இந்த வெப்பம் திரும்பி வருவதில்லை. பிரிந்த பொருள்களிலேயே தங்கிவிடுகிறது. இப்படிப் பொருள் தன்னுள் வைத்திருக்கும் இருப்பைத்தான் வேதியியலில் என்தால்பி என்கிறோம். மொத்த இருப்பு எவ்வளவு என்று அளக்க வழியில்லை. மாறாத அழுத்தத்தில் வினை நடக்கும்போது வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்றுதான் அளக்க முடியும். வெப்பம் பொருளுக்குள் போனால் கூட்டல் குறி, அது வெப்பம் கொள் வினை. வெளியேறினால் கழித்தல் குறி, வெப்பம் உமிழ் வினை.

நீற்றும்போது கால்சியம் ஆக்சைடு தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ராக்சைடு ஆகிறது. மோலுக்கு 65 கிலோஜூல் வெளியேறுகிறது. ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு தரும் சூடு, 30 டிகிரியில் இருக்கும் ஏறத்தாழ 4 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும்.

178-இல் 65 போக மீதி 113 எங்கே? சுவரில். பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை வாங்கிக்கொண்டு பழையபடி கார்பனேட்டாக இறுகும்போது அந்த 113 கிலோஜூலும் வெளியேறிவிடுகிறது. தொட்டியில் கொதித்ததைவிட அதிக வெப்பம்! ஆனால் நாள்கணக்கில் சிறுகச் சிறுக வருவதால் சுவரைத் தொட்டுப் பார்த்தாலும் கைக்குத் தெரியாது. மாணவர்கள் பலர் தடுமாறும் இடம் இதுதான். எவ்வளவு வெப்பம் என்பதை என்தால்பி சொல்லும். எவ்வளவு வேகத்தில் என்பதைச் சொல்லாது.

வினை எந்த வழியில் நடந்தாலும், தொடக்கமும் முடிவும் மாறாவிட்டால் மொத்த வெப்ப மாற்றமும் மாறாது என்று 1840-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த ஜெர்மைன் ஹெஸ் கண்டறிந்து வெளியிட்டார். நம் சுண்ணாம்பு கார்பனேட்டில் தொடங்கிக் கார்பனேட்டிலேயே முடிகிறது. அதனால் 178 – 65 – 113 = 0.

சுண்ணாம்பு நீற்றும் இடத்துக்குப் போனால் எட்டி நின்றே பாருங்கள். தொட்டிமேல் குனியாதீர்கள். கொதித்துத் தெறிக்கும் அந்தக் காரம் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.