கையும் வாத்தியமும்: ஊவாத் தோட்டப்புற இளைஞரின் பேஸ் கித்தார்ப் பயிற்சி பற்றிச் சில குறிப்புகள்

குரங்கு மனிதனாக மாறியதில் உழைப்பு வகித்த பங்கு குறித்து ஏங்கெல்ஸ் 1876இல் எழுதிய கட்டுரை, அவர் மறைந்தபின் 1896இல் வெளிவந்தது. கையை உருவாக்கியது உழைப்பே என அதில் வாதிடும் அவர், அக்கை எட்டிய உச்சத்துக்குச் சான்றாக ஓர் ஓவியரையும் ஒரு சிற்பியையும் காட்டிவிட்டு, மூன்றாவதாகப் பகனினியின் இசையைக் காட்டுகிறார். நம்மவர் கருத்தரங்குகளில் இக்கட்டுரை அடிக்கடி எடுத்தாளப்படுவது. ஆயினும் உழைப்பினால் உருவான கை உழைப்பினாலேயே கெடவும் கூடும் என்ற அதன் மறுபக்கம் நம்மிடையே போதிய கவனம் பெறவில்லை. இலக்கியம் கற்பிக்கும் நாம் இதனைப் பேசப் புகுந்தமைக்குக் காரணம் நூலன்று. பசறை வீதியை அண்டிய தோட்டமொன்றில் நாம் கண்ட ஓர் இளைஞரின் இடக்கை.

அவர் பகலில் பதுளை நகரக் கடையொன்றில் வேலை செய்பவர். வார இறுதிகளில் இசைக்குழுவொன்றில் பேஸ் கித்தார் வாசிப்பவர். தோட்டத்துக் கோயில் திருவிழாவாயினும் நகரத்துத் திருமண மண்டபமாயினும் மேடையில் இன்று கேட்கப்படுவன பெரும்பாலும் இளையராஜாவின் பாடல்களும் பைலாவும் ஆகும். இவ்விரண்டிலும் பேஸ் பின்னணியில் ஒதுங்கி நிற்பதில்லை. (தேயிலை மலைகளோடு இளையராஜா குடும்பத்துக்குப் பழைய தொடர்பொன்று உண்டு. 1958ஆம் ஆண்டு தேவிகுளம் இடைத்தேர்தலில், தமிழ்த் தோட்டத் தொழிலாளர் நடுவே கம்யூனிஸ்ட் வேட்பாளருக்காகப் பாடியவர் அவருடைய தமையனார் பாவலர் வரதராஜன்.) கடினமான உருப்படியொன்றைப் பயில்வதற்காக இவ்விளைஞர் சில வாரங்கள் இரவில் மூன்று மணிநேரம் வரை வாசித்திருக்கிறார். முதலில் விரல்நுனி எரிந்தது. பின்னர் முன்னங்கை கனத்தது. அதன்பின் பெருவிரலின் அடியில் சுரீரென்ற வலி தோன்றி, நடு இரவில் விரல்கள் மரத்து விழிப்பு வரத் தொடங்கிற்று. "பழகினால் சரியாகிவிடும்" என்றே எல்லோரும் கூறினராம். இவற்றுள் முதலாவது பழகினால் சரியாவதுதான். மற்றவை அத்தகையனவல்ல. இவ்வேறுபாட்டை அவருக்கு எடுத்துச் சொல்ல எவரும் இருக்கவில்லை.

விரல்நுனி எரிவு தோலைச் சார்ந்தது. கம்பியில் நாள்தோறும் சிறிது நேரம் அழுந்தும் தோல் சில வாரங்களில் தடித்துக் காய்ப்பேறும். கவ்வாத்துக் கத்தி பிடிப்போர் உள்ளங்கையில் காணும் காய்ப்பும் இதுவும் ஒன்றே, அஞ்சத்தக்கதன்று. கொப்புளம் எழுந்தால் மட்டும் அது ஆறும்வரை கையை விடவேண்டும். முன்னங்கையின் கனம் தசையின் களைப்பு. ஓரிரு நாள் ஓய்வில் அது நீங்கும். ஆனால் கூரிய வலி, விறைப்பு, கூச்சம், பிடியில் வலுக் குறைதல் ஆகியன தோன்றுமாயின் தசைநாணோ நரம்போ தாக்குண்டுள்ளது என்று ஐயுறவேண்டும். விரல்களை மடக்கும் வலுவான தசைகள் விரல்களில் இல்லை, முன்னங்கையில் உள்ளன என்பது மனங்கொள்ளத்தக்கது. அவற்றின் நாண்கள் ஒன்பது, மணிக்கட்டிலுள்ள ஒடுங்கிய குகை போன்ற வழியினூடாக, நடு நரம்புடன் நெருங்கிச் செல்கின்றன. மணிக்கட்டை மிக மடித்து வைத்துக்கொண்டு விரலை இயக்கினால் நாண்கள் உராய்வதோடு நரம்பும் நெருக்குண்ணும். பெருவிரற் பக்கத்து நாணுறை தடித்து வலிக்கும் நோயை 1895இல் சுவிற்சர்லாந்து அறுவை மருத்துவர் டி கேர்வெய்ன் விவரித்தார். துணி துவைத்துப் பிழியும் பெண்களிடத்தும் அதிகம் காணப்பட்டமையால், வண்ணாத்தியர் சுளுக்கு என்ற பொருளிலும் அந்நோய்க்கு ஒரு பெயர் வழங்கியது. நோயின் பெயரிலேயே வர்க்கம் பதிந்துவிட்டது.

பேஸ் கித்தார் இவ்வகையில் ஏனைய கித்தார்களிலும் கடுமையானது. 1951இல் லியோ ஃபென்டர் விற்பனைக்குக் கொண்டுவந்த பேஸ் கித்தாரில் அதிரும் கம்பியின் நீளம் 34 அங்குலம். அந்த அளவே இன்றும் பெருவழக்கு. சாதாரண மின்கித்தாரில் அது ஏறத்தாழ 25½ அங்குலம். விரலுக்கு ஒரு கட்டையாக நான்கு விரல்களை முதற் கட்டை தொடங்கி நான்காம் கட்டை வரை விரித்து வைக்கும்போது, சாதாரண கித்தாரில் கை கடக்கவேண்டிய தூரம் ஏறத்தாழ 97 மில்லிமீற்றர்; பேஸில் 130 மில்லிமீற்றர். கம்பியின் பருமனும் இருமடங்குக்கு மேல். ஒரு கம்பியின் இழுவிசை ஏறக்குறைய 40 இறாத்தலை எட்டும். எனவே தொடக்கத்தில் இருப்பவர் இருவிதமாகத் தவறுகிறார்: எட்டாத தூரத்தை எட்ட மணிக்கட்டை மடிக்கிறார்; அழுந்தாத கம்பியை அழுத்தக் கழுத்தின் பின்புறத்தைப் பெருவிரலால் இறுக்குகிறார். நமது இளைஞரின் பெருவிரல் வலி இவ்விரண்டாவது பழக்கத்தின் பேறு என்றே கருதுகிறோம்.

இத்துடன் நின்றால் வலி என்பது பயில்வோரின் அறியாமையினால் வருவது என்ற முடிவே கிட்டும். பயிற்சி நூல்களும் அவ்வாறே கூறுகின்றன: சரியாக உட்காருக, சரியாகப் பிடிக்குக, இடையிடையே ஓய்வெடுக்குக. இவை பொய்யல்ல. எனினும் இவ்வறிவுரைகள் எத்தகைய வீட்டில் வசிப்பவரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டன எனக் கேட்டல் வேண்டும். நமது இளைஞர் வாசிப்பது லயத்து அறையில். ஒலிபெருக்கி குழுத் தலைவரின் உடைமை; அது மேடைக்கு மட்டுமே வரும். வீட்டில் இருப்பினும் பயனில்லை. சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம் உறங்குகிறது. அதிகாலையில் அவர்கள் பிரட்டுக்குச் செல்லவேண்டும். ஆகவே மின்வாத்தியத்தை மின்னின்றி வாசிக்கிறார். திண்மரத்தால் ஆன அக்கருவி தனித்து எழுப்பும் ஒலி கொசுவின் இரைச்சலினும் சற்றே மிகுதி. தன் காதுக்கேனும் கேட்கவேண்டி வலக்கை கம்பியை வலிந்து இழுக்கிறது. வலக்கை முறுகினால் இடக்கையும் சேர்ந்து முறுகும். இது பிடியின் பிழையா, லயத்தின் பிழையா? பிரித்தானியத் துரைமார் காலத்தில் ஒரு குடும்பத்துக்கு ஓரறை எனக் கட்டப்பட்ட அவ்வரிசை வீடு, இன்று ஓர் இளைஞரின் தசைநாண்களுக்குள்ளும் புகுந்திருக்கிறது எனலாம்.

அவருடைய பாட்டனார் தப்பு வாசித்தவர். தப்பு இரவு முழுதும் ஒலிப்பது. காமன் கூத்தில் விடியும்வரை அதற்கு வேலையுண்டு. எனினும் தோலாலான கருவி பனியில் தளரும். தளர்ந்த தோலை நெருப்பில் காய்ச்சியே மீண்டும் முறுக்கேற்ற இயலும். அவ்வேளையில் அடிப்பவரின் கையும் நெருப்பருகே சூடேறி இளகும்; மற்றொருவர் அடியைத் தொடர்வார். ஓய்வைக் கருவியே விதித்தது. அவ்வோய்வு கூட்டு முறையில் பங்கிடவும் பட்டது. மின்வாத்தியமோ தளர்வதில்லை, தனக்கென ஓய்வு கேட்பதுமில்லை. தனியறையில் தனியாளாகப் பயில்பவரை நிறுத்தச் சொல்வது அவருடைய வலி ஒன்றே.

தப்பை இலட்சியப்படுத்துவது எமது நோக்கமன்று. தப்படிப்பவர்மீது சாதி சுமத்திய இழிவை அவ்விளைஞர் நன்கறிவார். சாவு வீட்டுக்கும் திருவிழாவுக்கும் கட்டளையாக அழைக்கப்பட்ட பாட்டனாரை அவர் மறக்கவில்லை. கித்தாருக்குச் சாதியில்லை என்பதே அவர் அதனை ஏற்றதற்கான முதற் காரணம். அது நியாயமான காரணமே. ஆனால் இழிவை உதறியபோது, கையைக் காக்கும் பழைய அறிவும் அதனோடு சேர்ந்து உதறப்பட்டது.

கையின் வலி அவ்வீட்டுக்குப் புதிதுமன்று. அவருடைய தாயார் கொழுந்து பறிப்பவர். இரண்டிலையும் ஒரு மொட்டுமாகப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே நெரித்து ஒடிக்கும் அசைவைத் தினமும் பல்லாயிரம் தடவை செய்பவர். பாரம் நெற்றியில், கழுத்து முன்வளைந்தபடி. கொழுந்து நிறுக்கும் வேளைகளே அவருடைய ஓய்வு. கணக்கிட்ட கிலோ குறைந்தால் அரைப்பேர். கை வலிக்கிறது என்று பறிப்பதைக் குறைக்க முடியாது. ஒரே அசைவை ஓயாது செய்வது கைக்குத் தீங்கு என்பது அண்மைக்காலக் கண்டுபிடிப்புமன்று. இத்தாலிய மருத்துவர் ராமத்சினி 1700இல் வெளியிட்ட தொழிலாளர் நோய்கள் பற்றிய நூலின் விரிந்த பதிப்பு 1713இல் வந்தது. எழுத்தர்களின் கை சோர்வதற்கு அவர் காட்டிய காரணங்கள் மூன்று: இடைவிடாத இருப்பு, ஒரே விதமான ஓயாத கையசைவு, பிழை நேரக்கூடாதென்ற மன அழுத்தம். இம்மூன்றனுள் பின்னிரண்டும் கொழுந்து பறிப்பவருக்கும் பேஸ் பயில்பவருக்கும் ஒருங்கே பொருந்தும்.

ஆயினும் தாயினதும் மகனினதும் வலி ஒன்றன்று. இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் வேலையின்போது விபத்தினால் நேரும் காயத்தையும், அட்டவணையிற் குறித்த சில தொழில்நோய்களையும் கருத்திற்கொள்வது. கத்தி வெட்டியதற்கு நாளும் நேரமும் சாட்சியும் உண்டு. இருபது ஆண்டுகளில் சிறிது சிறிதாகத் தேய்ந்த பெருவிரலுக்கு நாளுமில்லை, சாட்சியுமில்லை. மகனின் வலிக்கோ தொழில் என்ற பெயர்கூட இல்லை, அது "பொழுதுபோக்கு". மேடைக்கு ஒருமுறை கிடைக்கும் சிறு தொகை அவ்வீட்டின் அரிசிக் கணக்கில் சேர்கிறது என்பதை அச்சொல் மறைத்துவிடுகிறது. மேலும், கை கெட்டால் அவர் இழப்பது மேடையை மட்டுமன்று. கடையில் மூட்டை தூக்குவதும் அதே கைதான். கொழுந்துக் கூடையிலிருந்து விலகி வந்த தலைமுறை, விலகுவதற்கு ஊன்றிய கோலையே முறித்துக்கொள்ளும் நிலை இது.

அவ்விளைஞரிடம் நாம் கூறியவற்றை இங்கும் பதிவது பயன்தரும். விரல் மரத்துப்போதல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிப்பதால் பதுளை ஆஸ்பத்திரிக்குச் சென்று காட்டுக. எண்ணெய் தேய்த்து இழுத்துவிடுதல் நரம்பு நெருக்குண்டதற்கு மருந்தாகாது. மூன்று மணிநேரத்தை ஒருங்கே வாசிப்பதை விட்டு, இருபது நிமிடம் வாசித்து ஐந்து நிமிடம் கையைத் தொங்கவிடுக. குளிர்ந்த கையோடு தொடங்கலாகாது. நமுனுகுல மலைச்சாரலின் மார்கழி இரவில் இது சிறு விடயமன்று. வெந்நீரில் கை நனைப்பதோ அடுப்பருகே அமர்வதோ போதும். வாரை இருந்தாலும் நின்றாலும் கருவி ஒரே உயரத்தில் நிற்கும்படி சுருக்குக. இடுப்புக்குக் கீழே தொங்கவிடும் மேடை அழகு மணிக்கட்டை மடிப்பது. கம்பிக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள உயரத்தைக் குறைப்பித்து, மெல்லிய கம்பி மாட்டுக. கட்டையின் மேல் நடுவில் அழுத்தாது, அதன் விளிம்பை ஒட்டி அழுத்தினால் குறைந்த விசையே போதும். நான்கு விரலையும் விரிக்காது, கீழ்க் கட்டைகளில் மோதிர விரலையும் சிறுவிரலையும் ஒன்றாகச் சேர்த்து அழுத்தும் முறை ஒன்றுண்டு. பெரிய டபிள் பேஸ் வாசிப்போருக்காக 19ஆம் நூற்றாண்டில் சிமாண்டில் வகுத்த பாடமுறையில் அது உள்ளது. நான்கு விரலும் தனித்தனியே இயங்கவேண்டும் என்ற வீம்பைவிட அது மேலானது.

உயர்ந்த கம்பியையும் தடித்த கம்பியையும் போற்றுவோர் அமெரிக்கக் கறுப்பின இசைஞர் ஜேம்ஸ் ஜேமர்சனைச் சுட்டுவர். அவர் அத்தகைய கருவியிலேயே, வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றினாலேயே மோட்டவுன் பாடல்கள் பலவற்றை வாசித்தார் என்பது உண்மை. ஆனால் அவர் முன்னரே டபிள் பேஸ் பழகிய கையினர். வாசித்தது ஒலிப்பதிவுக் கூடத்தில், தன் ஒலி தனக்குத் தெளிவாகக் கேட்கும் நிலையில். லயத்து அறையில் ஓசையின்றித் தடவுபவருக்கு அவர் உதாரணமாகார்.

எல்லாவற்றிலும் விரைவாகப் பயன் தந்தது மிக எளிய ஒன்று. காதில் மாட்டும் ஒலிப்பானுடன் கித்தாரில் நேரே செருகும் தீப்பெட்டி அளவான சிறு ஒலிபெருக்கி இப்போது கிடைக்கிறது. குழுவினர் நால்வர் பணம் சேர்த்து ஒன்றை வாங்கி, வாரத்துக்கு ஒருவராகப் பகிர்ந்துகொண்டனர். மெல்லத் தொட்டாலும் முழு ஒலி காதில் விழுவதால், முதல் இரவிலேயே வலக்கையின் இறுக்கம் தளர்ந்தது என்றார் அவர். சென்ற முறை நாம் போயிருந்தபோது அவருடைய முறை வரவில்லை. கித்தார் சுவரோரம் சாய்ந்திருந்தது. அவர் அடுப்பருகே அமர்ந்து, தாயாரின் பெருவிரலை எந்தப் பக்கம் மடக்கினால் வலிக்கிறது என்று, ஆஸ்பத்திரியில் தமக்குச் செய்துபார்த்தவாறே, மெதுவாகச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்.