அசுணமும் நீர்மூழ்கிக் கப்பலும்

குன்னூரிலிருந்து உதகைக்கு ஏறும் மலை ரயில் வெல்லிங்டன் நிலையத்தில் சற்று நின்று செல்லும். ஒரு நாள் என் மாணவர் சிலருடன் அந்த வண்டியில் போய்க்கொண்டிருந்தேன். நடைமேடையில் தூய வெள்ளைச் சீருடை அணிந்த கடற்படை அதிகாரி ஒருவர் நின்றிருந்தார். "ஐயா, ஆறாயிரம் அடி உயரத்தில், தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில், கடற்படைக்காரருக்கு என்ன வேலை?" என்று ஒரு மாணவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆயினும் கேள்வி நல்ல கேள்வி. அதற்கு விடையாக அன்று வண்டியிலேயே ஒரு கப்பலின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினேன். அதையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

வெல்லிங்டனில் இருப்பது முப்படை அதிகாரிகள் பயிலும் கல்லூரி. பிரிவினைக்கு முன் அத்தகைய கல்லூரி க்வெட்டா நகரில் இருந்தது. 1947ஆம் ஆண்டில் நாடு இரண்டானபோது க்வெட்டா பாகிஸ்தானுக்குப் போயிற்று. நம்முடைய கல்லூரி நீலகிரியில் இடம் பெற்றது. கடற்படையும் அவ்வாறே இரண்டாகப் பிரிந்தது. ஒரே கப்பலில் ஒன்றாக உண்டு உறங்கியவர்கள் இரண்டு கொடிகளின் கீழ் நின்றார்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

நீர்மூழ்கிக் கப்பல் என்பது யாது? தான் மிதக்கவும் அமிழவும் வல்ல கப்பல். அதன் பக்கங்களிலுள்ள தொட்டிகளில் கடல்நீரைப் புகவிட்டால் அமிழும். அழுத்திய காற்றால் அந்நீரை வெளியேற்றினால் எழும். அமெரிக்கக் கடற்படை 1900ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட முதல் நீர்மூழ்கியின் பெயர் ஹாலண்ட். அதை அமைத்த ஜான் பிலிப் ஹாலண்டின் பெயரே அதற்கு இடப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 54 அடிதான். நீர்மேல் ஓட எண்ணெய் எந்திரம், நீருக்குள் ஓட மின்கலம் என்ற இரட்டை ஏற்பாட்டை அதில் காண்கிறோம். எந்திரம் எரிவதற்குக் காற்று வேண்டும்; நீருக்குள் காற்று ஏது? ஆகவே மேலே ஓடும்போது மின்கலத்தை நிரப்பிக்கொண்டு, கீழே அதைச் செலவிட வேண்டும். திமிங்கலம் மூச்சுக்கு மேலே வருவதுபோல இக்கப்பலும் அடிக்கடி மேற்பரப்பை நாட வேண்டியிருந்தது.

அந்த ஏற்பாட்டின் வழிவந்ததே நம் கதைக்குரிய கப்பல். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலுள்ள போர்ட்ஸ்மத் கப்பற்படைத் தளத்தில் 1944 டிசம்பர் 1ஆம் நாள் அது நீரில் இறக்கப்பட்டது. 1945 மார்ச் 31ஆம் நாள் பணியில் சேர்ந்தது. நீளம் ஏறத்தாழ 312 அடி. முன்புறம் ஆறும் பின்புறம் நான்குமாகப் பத்து டார்பிடோக் குழாய்கள். டயாப்ளோ என்று பெயர். ஸ்பானிய மொழியில் அதற்குச் சாத்தான் என்று பொருள். ஜப்பானை எதிர்த்துப் போரிடக் கட்டிய கப்பல் அது. ஆனால் 1945 ஆகஸ்ட் 10ஆம் நாள் அது பேர்ல் துறைமுகத்திலிருந்து தன் முதல் போர்ப் பயணத்துக்குப் புறப்பட்டபோது யுத்தம் முடியும் தறுவாயில் இருந்தது. நடுக்கடலிலேயே போர் நிறுத்தம் வந்தது. ஒரு டார்பிடோவும் எய்யாமல் அந்தச் சாத்தான் சமாதான காலத்துக்குள் நுழைந்தது.

பயிற்சியிலும் ஒத்திகையிலும் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழிந்தன. 1964 ஜூன் 1ஆம் நாள் அமெரிக்கா அதைப் பாகிஸ்தானுக்கு இரவலாகக் கொடுத்தது. பெயர் காஸி என்று மாறியது. சமயத்துக்காகப் போரிடும் வீரன் என்பது அதன் பொருள். அந்நாளில் இந்தியாவிடம் ஒரு நீர்மூழ்கிகூட இல்லை. நம் முதல் நீர்மூழ்கியான கல்வாரி 1967 டிசம்பர் 8ஆம் நாள்தான் பணியில் சேர்ந்தது. எனவே 1965ஆம் ஆண்டுப் போரில் இந்தத் துணைக்கண்டத்தின் கடல்களில் இருந்த ஒரே நீர்மூழ்கி காஸி. பின்னர் அதைப் பழுது பார்க்கத் துருக்கிக்கு அனுப்பினார்கள். சூயஸ் கால்வாய் 1967 ஜூனில் அடைபட்டுவிட்டபடியால், ஆப்பிரிக்காக் கண்டம் முழுவதையும் சுற்றிக்கொண்டு அது போய் வந்தது. கடலில் கண்ணிவெடிகளை இடும் வசதியும் அதற்கு அங்கே அமைந்தது.

1971ஆம் ஆண்டின் இறுதியில் மீண்டும் போர் மேகம் சூழ்ந்தது. விக்ராந்த் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் நம்மிடம் இருந்தது. அதன் கொதிகலன்களுள் ஒன்று பழுதுபட்டிருந்தமையால் வேகம் குறைவு. அத்தகைய கப்பல் நீர்மூழ்கிக்கு எளிய இரை. அதை வங்கக் கடலில் தேடி அழிக்கவேண்டுமானால் கராச்சியிலிருந்து இலங்கையைச் சுற்றி வரவேண்டும். பாகிஸ்தானின் மற்றைய நீர்மூழ்கிகளுக்கு அத்துணை நெடுந்தூரம் செல்லும் ஆற்றல் இல்லை. ஆகவே, வயதான காஸி 1971 நவம்பர் 14ஆம் நாள் கராச்சியை விட்டுப் புறப்பட்டது.

இங்கே ஓர் அறிவியல் உண்மையைக் கூறவேண்டும். நீர்மூழ்கி ஆழத்தில் இருக்கும்போது அதற்குக் கண் இல்லை. செவி மட்டுமே உண்டு. ஒலி கடல்நீரில் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தில் செல்லும். காற்றில் செல்வதைப்போல நான்கு மடங்குக்கு மேல். ஆனால் இந்த வானொலிப் பேச்சை உங்களிடம் கொண்டுவரும் மின்காந்த அலைகளை உப்புநீர் விழுங்கிவிடும். பத்துக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அலைநீளமுள்ள மிக நெடிய அலைகளே கடலுக்குள் சில மீட்டராவது இறங்க வல்லவை. நம் திருநெல்வேலி மாவட்டத்தில் விஜயநாராயணம் என்னும் ஊருக்கருகே கட்டபொம்மன் பெயர் தாங்கிய கடற்படை நிலையம் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புவது இத்தகைய அலைகளால்தான். பெரும்பாலும் வாய் திறவாமல் பிறர் பேச்சைக் கேட்டுக்கொண்டே வாழ்வது நீர்மூழ்கியின் இயல்பு. அதன் வலிமை அதில்தான். அதன் ஆபத்தும் அதில்தான்.

கிழக்குக் கடற்படைக்குத் தலைவராக விசாகப்பட்டினத்தில் இருந்தவர் வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன், நாகர்கோயிலில் பிறந்தவர். விக்ராந்தை அவர் அந்தமான் தீவுகளுக்கு அனுப்பி மறைத்துவைத்தார். பிறகு தாம் செய்த உபாயத்தைத் தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். ராஜபுத் என்னும் பழைய நாசகாரிக் கப்பலைக் கடலுக்கு அனுப்பி, அதையே விக்ராந்த் போல வானொலியில் ஓயாமல் பேசச் செய்தார். பெரிய கப்பலுக்கு வேண்டிய அளவு இறைச்சியும் காய்கறியும் வேண்டுமென்று விசாகப்பட்டினத்துக் கடைக்காரர்களிடம் சொல்லிவைத்தார். ஒற்றர்கள் அதை விடமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, விக்ராந்தில் உள்ள மாலுமி ஒருவர் தம் தாயாரின் உடல்நலம் எவ்வாறு உள்ளது என்று விசாரிப்பதுபோல ஒரு தந்தி, மறைமொழி இல்லாமல் வானொலியில் சென்றது.

டிசம்பர் 3ஆம் நாள் மாலை போர் மூண்டது. அன்று நள்ளிரவுக்குச் சற்று முன் ராஜபுத் விசாகப்பட்டினத் துறைமுகத்தை விட்டு வெளியேறியது. நீர் குழம்பிய ஓர் இடத்தைக் கண்டு இரண்டு ஆழ்நீர்க் குண்டுகளை வீசிச் சென்றது. சில நிமிடங்களில் பெருவெடி ஒன்று கேட்டது. நகரத்து வீடுகளில் கண்ணாடிகள் உடைந்தன. மறுநாள் மீனவர்கள் கடலில் மிதந்த சிதைவுகளைக் கொண்டுவந்தார்கள். காஸி தன்னுள் இருந்த 90க்கும் மேற்பட்டவர்களுடன் கடலடியில் கிடந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை.

ராஜபுத் வீசிய குண்டுகளே காஸியை அழித்தன என்பது இந்தியக் கூற்று. தானே இட்ட கண்ணிவெடியாலோ உள்ளே நேர்ந்த விபத்தாலோ அது அழிந்தது என்பது பாகிஸ்தான் கூற்று. நம் கடற்படை அதிகாரிகளிலேயே உள்வெடிப்புத்தான் காரணம் என்று கருதியவர்கள் உண்டு. மாணவர்களே, நம் நாட்டுக்குப் பெருமை தருவது என்ற காரணத்தால் மட்டும் ஒன்றை மெய்யென்று கொள்வது வரலாறு ஆகாது. இரு தரப்பும் ஒப்புவன எவை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். காஸி விக்ராந்தைத் தேடி வந்தது. விக்ராந்த் அங்கே இல்லை. டிசம்பர் 4ஆம் நாள் அதன் விமானங்கள் தொலைவிலுள்ள காக்ஸ் பஜாரைத் தாக்கிக்கொண்டிருந்தன. இவற்றை மறுப்பார் இல்லை.

நம் பழைய இலக்கியங்களில் மலைகளில் வாழும் அசுணம் என்றொரு உயிர் கூறப்படுகிறது. இன்னிசை கேட்டால் தன்னை மறந்து நெருங்கி வரும். வேடர் யாழை மீட்டி அதை வரவழைத்து, அருகில் வந்ததும் பறையை முழக்குவராம். அந்த வன்மையான ஓசையில் அது உயிர்விடுமாம். தவளை தன் வாயால் கெடும் என்பது பழமொழி. அசுணமோ தன் செவியால் கெட்டது. கேட்பதையே வலிமையாகக் கொண்டவனுக்குக் கேட்கும் செய்தியைப் பகுத்தறிவது உயிர்காக்கும் கல்வி. கடலே இல்லாத நம் மலையில் கடற்படை அதிகாரி வந்து பயில்வதன் நோக்கத்தில் இதுவும் ஒன்று. சுக்கான் பிடிக்கக் கடலில் கற்றுக்கொள்ளலாம். எதிரி என்ன நினைப்பான், நாம் கேட்பதில் எது மெய் என்று ஆராய்வதற்கு அமைதியான அறையும் நூல்களும் வேண்டும்.

இதைச் சொல்லி முடித்தபோது அதே மாணவன், "அப்படியானால் நாம்தானே ஐயா வென்றோம்?" என்றான். ஆம், வென்றோம். ஆனால் ஐந்து நாள் கழித்து, டிசம்பர் 9ஆம் நாள் இரவு, பாகிஸ்தானின் ஹாங்கோர் என்னும் நீர்மூழ்கி நம் குக்ரி கப்பலை அரபிக்கடலில் மூழ்கடித்தது. அதன் தலைவர் மகேந்திரநாத் முல்லா கப்பலோடு இறங்கினார். அவருடன் மாண்ட அதிகாரிகளும் மாலுமிகளும் 190க்கு மேற்பட்டோர். கடல் இரு கொடியினரையும் ஒன்றுபோலவே வாங்கிக்கொண்டது.

விசாகப்பட்டினக் கடற்கரையில் குர்சுரா என்னும் நம் பழைய நீர்மூழ்கி 2002ஆம் ஆண்டு முதல் காட்சிசாலையாக நிற்கிறது. நான் அதனுள்ளே நடந்து பார்த்தேன். குனிந்தே செல்லவேண்டிய வாயில்கள். ஒருவர்மேல் ஒருவராகப் படுக்கும் பலகைகள். வெளியே வந்ததும் கடலைப் பார்த்துச் சற்று நின்றேன். எதிரே அந்தக் கடலில்தான் காஸி கிடக்கிறது. நம் கடற்படையின் ஆழ்கடல் மீட்பு ஊர்தி அதைக் கண்டறிந்ததாக 2024 பிப்ரவரியில் செய்தி வந்தது. மாண்ட மாலுமிகளின் கல்லறை அது என்று மதித்து, கடற்படை அதைத் தொடவில்லை.

விக்ராந்தின் மாலுமி ஒருவர் தாயைப் பற்றி விசாரித்ததாகச் சென்ற தந்தி பொய்த்தந்தி. ஆனால் காஸியினுள் இருந்த ஒவ்வொருவருக்கும் வீட்டில் மெய்யாகவே ஒரு தாய் காத்திருந்திருப்பாள். வெல்லிங்டன் நிலையத்தில் வெள்ளைச் சீருடையைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வருகிறது.