பழைய படங்களுக்குப் புது உயிர் தரும் ‘கிம்ப்’

நம் வீட்டு டிரங்குப் பெட்டிகளில் கிடக்கும் தாத்தா பாட்டி படங்கள் ஆண்டுக்கு ஆண்டு மங்கிக்கொண்டே வருகின்றன. ஊரிலிருந்து கொண்டுவந்தது அந்த ஒரு பிரதிதான். நெகடிவ் யாரிடமும் இல்லை. அவற்றைச் சீர்செய்ய விலையுயர்ந்த மென்பொருள் வேண்டியதில்லை. அதன் திருட்டுப் பிரதியும் வேண்டாம். இலவசமாகவே ‘கிம்ப்’ கிடைக்கிறது.

அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களாயிருந்த ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் இருவரும் 1995-ல் எழுதத் தொடங்கி, 1996-ல் வெளியிட்டது இது. திரையில் பொத்தான்களும் மெனுக்களும் வரைய இதற்கென்று உருவான ‘ஜிடிகே’ என்னும் கருவித்தொகுப்பு, பின்னாளில் லினக்ஸ் கணினிகளின் ‘நோம்’ திரைக்கே அஸ்திவாரமாயிற்று. (தண்டவாளம் போட வந்தவர்கள் ஊருக்குப் பாலமும் கட்டிக் கொடுத்த கதை!) இதன் மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிரதி எடுத்து நண்பருக்கும் கொடுக்கலாம். திருத்தியதைப் பிறருக்குத் தந்தால் நிரலையும் அதே உரிமையோடு தரவேண்டும், அவ்வளவே. அதனால்தான் அவ்விருவரும் விலகிய பின்னும் மற்றவர்களால் தொடர முடிந்தது. 2025 மார்ச்சில் 3.0 பதிப்பு வந்தது.

இனி வேலைக்கு வருவோம். படத்தை 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து, அந்த மூலக் கோப்பைத் தனியே வைத்துவிடுங்கள். பிரதியைக் கிம்பில் திறந்து, ‘லேயர்’ மெனுவில் ‘டூப்ளிகேட்’ கொடுங்கள். ரயில்வே டிராயிங் ஆபீஸில் வரைபடத்தின் மேல் டிரேசிங் பேப்பரை விரித்து வேலை செய்வோம்; அதே முறைதான். மேல்தாள் பாழானால் எறியலாம், அடித்தாள் பத்திரம்.

மங்கலைப் போக்க ‘கலர்ஸ்’ மெனுவில் ‘லெவல்ஸ்’ உண்டு. அங்கே தெரியும் மலை போன்ற வரைபடத்தின் இரு அடிவாரங்களுக்கும் கறுப்பு, வெள்ளை முக்கோணங்களை நகர்த்தினால் போதும். கீறலுக்கு ‘ஹீல்’. கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு, பக்கத்திலுள்ள நல்ல இடத்தில் ஒரு கிளிக். விசையை விட்டுவிட்டுக் கீறலின் மேல் தடவுங்கள். சுற்றுப்புறச் சாயலோடு கலந்து மூடிவிடும். கண், உதடு பக்கம் போகையில் தூரிகையைச் சிறிதாக்குங்கள். அங்கே அதிகம் தடவினால் பாட்டி வேறு யாரோ ஆகிவிடுவார்! கன்னத்து மச்சம் எது, கறை எது என்று சொல்ல வீட்டுப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது.

‘சேவ்’ கொடுத்தால் எக்ஸ்சிஎஃப் கோப்பாகும். லேயர்கள் அப்படியே இருக்கும். உறவினருக்கு அனுப்ப ‘எக்ஸ்போர்ட்’ வழியே ஜேபெக். ஜேபெக்கையே மறுபடி மறுபடி திறந்து திருத்திச் சேமித்தால், ஒவ்வொரு முறையும் படம் கொஞ்சம் கெடும்.

படத்தின் பின்புறத்தையும் ஒரு ஸ்கேன் எடுத்து வையுங்கள். பெயரும் தேதியும் பெரும்பாலும் அங்கேதான் எழுதியிருக்கும்.