குட்டியில் பட்டை, வளர்ந்தால் காணோம்: சாரைப்பாம்பு நிறம் மாறுவது ஏன்?

சேலம் - நாமக்கல் நெடுஞ்சாலையில் இருக்கும் புதுச்சத்திரம் பக்கம் போனால், மரவள்ளிக்காடு, சோளக்காடு, கோழிப்பண்ணை என்று மாறி மாறி வரும். தீவனம் இருக்கும் இடத்துக்கு எலி வரும். எலி வரும் இடத்துக்குச் சாரை வரும். ஆறடி நீளத்தில் வரப்பைத் தாண்டி ஓடும் பாம்பைப் பார்த்தால், "அது சாரைங்க, ஒண்ணும் பண்ணாது, விடுங்க" என்று சொல்ல ஊரில் யாராவது இருப்பார்கள்.

ஆனால், ஒன்றரை அடி நீளத்தில் உடம்பெல்லாம் பட்டையோடு ஒரு குட்டி வந்தால் கதையே வேறு. "கட்டுவிரியன்!" என்று ஒருவர் கத்துவார், இன்னொருவர் தடியைத் தேடுவார். அடிபட்டுச் சாவது சாரைக்குட்டியாகவும் இருக்கலாம்.

குட்டி எப்படி இருக்கும்?

சாரை ஒரு முறைக்குச் சுமார் 6 முதல் 15 முட்டை வரை இடும். பொரிந்து வரும் குட்டி ஒரு அடிக்குச் சற்று மேல் இருக்கும். ஒல்லியான உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய கண். சாம்பல் அல்லது வெளிர் ஆலிவ் நிறத்தில், உடம்பின் முன்பாதியில் குறுக்கே வெளிர் பட்டைகள் ஓடும்.

வளர வளர இந்த முன்பக்கப் பட்டைகள் மங்கி, ஒரே நிறமாகிவிடும். பின்பாதியிலும் வாலிலும் மட்டும் கறுப்புக் கோடுகள் வலை போலத் தெரியும்.

சட்டை உரித்தால் நிறம் மாறுமா?

ஒரே நாளில் மாறாது. உரிந்து விழுவது தோலின் வெளி அடுக்கு மட்டும்தான். நிறம் தரும் செல்கள் உள் அடுக்கில் இருக்கின்றன. சட்டை உரிப்பதற்கு முன் பாம்பு மங்கலாக, கண் நீலம் பாய்ந்தது போல இருக்கும். உரித்த பிறகு பளிச்சென்று தெரியும். பட்டை மறைவது உடல் வளர வளர மெதுவாக நடக்கும் மாற்றம்.

எதற்காக இந்த மாற்றம்?

குட்டிக்குப் பருந்து, கீரி என்று எதிரிகள் அதிகம். புல்லுக்கு நடுவே பட்டைகள் உடம்பின் வடிவத்தை உடைத்துக் காட்டி, அதை மறைக்க உதவும் என்பது பொதுவான விளக்கம். வளர்ந்த சாரைக்கு வேகமும் நீளமும்தான் பாதுகாப்பு. தவளை, பல்லி தின்ற குட்டி, பெரிதானதும் எலியைத் தேடிப் போகும்.

நம்மூர்ச் சாரை மட்டும் இப்படி இல்லை. அமெரிக்காவின் கறுப்பு எலிப்பாம்பு வேறு இனம்தான். அதன் குட்டியும் சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாக இருந்து, வளர்ந்ததும் கிட்டத்தட்ட முழுக் கறுப்பாகிவிடும்.

மஞ்சள் சாரை, கருஞ்சாரை வேறு வேறா?

இல்லை, ஒரே இனம்தான். வறண்ட பகுதியில் வெளிர் பழுப்பாகவும், ஈரமான காட்டுப் பகுதியில் கறுப்பாகவும் இருக்கும். அதனால் நிறத்தை மட்டும் வைத்து இனத்தைச் சொல்ல முடியாது.

அப்போ எதைப் பார்ப்பது?

வயது ஏறினாலும் சாரையில் மாறாதவை இரண்டு: பெரிய கண்ணில் வட்டமான பாவை, உதட்டுச் செதில்களுக்கு இடையே கறுப்புக் கோடு. கட்டுவிரியனுக்குக் கண் சிறியது, முழுக் கறுப்பு. பளபளக்கும் கருநீல உடம்பில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் பெரும்பாலும் ஜோடி ஜோடியாக இருக்கும். சாரை பகலில் திரியும், கட்டுவிரியன் இரவில் வரும்.

ஆனால் இதெல்லாம் தள்ளி நின்று, மொபைலில் ஜூம் செய்து பார்ப்பதற்கு மட்டும். "சாரைதானே" என்று கையில் பிடிக்க வேண்டாம். விஷம் இல்லாவிட்டாலும் மிரண்டால் நன்றாகவே கடிக்கும். உங்கள் கணிப்பு தப்பினால், கையில் இருப்பது கட்டுவிரியன்.

என்ன செய்யலாம்?

வயலில் என்றால் வழிவிட்டால் போதும், தானே போய்விடும். வீட்டுக்குள் என்றால் வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ சொல்லுங்கள். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சாரையைக் கொல்வது குற்றம்.

கடித்துவிட்டால், என்ன பாம்பு என்று விவாதம் செய்து நேரத்தைக் கழிக்க வேண்டாம். 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். அது தேவையா, இல்லையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

அடுத்த முறை பட்டை போட்ட குட்டி ஒன்றைப் பார்த்தால், தடியை எடுப்பதற்கு முன் இரண்டடி பின்னால் வாருங்கள். நாளை உங்கள் களத்தில் எலி பிடிக்கப்போகும் சாரையாக அது இருக்கலாம்.