குரல் கணினிக்குள் நுழையும் வாசல்

இணையவழி இலக்கியக் கூட்டங்களில் அதிகம் ஒலிக்கும் வாக்கியம் எந்தக் கவிதையிலிருந்தும் வந்ததல்ல. “ஐயா, உங்கள் குரல் கேட்கவில்லை” என்பதுதான் அது. அடுத்த இடம் “எதிரொலிக்கிறது, யாராவது மியூட் செய்யுங்கள்” என்பதற்கு. படம் மங்கினால் பொறுத்துக்கொள்கிறோம். குரல் உடைந்தால் பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடுகிறோம்.

மொன்றியலில் நடக்கும் சில தமிழ்க் கூட்டங்களுக்கு ஒலிப்பதிவைப் பார்த்துக்கொள்பவன் நான். நண்பர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் “எந்த மைக் வாங்கலாம்?” என்பதுதான். அதைவிட முக்கியமான ஒன்று ஒலிவாங்கிக்கும் கணினிக்கும் நடுவில் இருக்கிறது. கடையில் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்பார்கள். தமிழில் ஒலி இடைமுகம் என்று எழுதுகிறோம்.

அது செய்யும் வேலை எளிமையானது. ஒலிவாங்கி தரும் மின்னலை மிகச் சிறியது, சில மில்லிவோல்ட் அளவுதான். இடைமுகம் முதலில் அதைப் பெருக்குகிறது. பிறகு நொடிக்கு 48,000 தடவை அளந்து எண்களாக மாற்றுகிறது. ஒவ்வோர் அளவும் 24 பிட். 16 பிட்டில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபல் இடைவெளி கிடைக்கும். 24 பிட்டில், கணக்கின்படி, 144. நம் பேச்சாளர்களை நினைத்துப் பாருங்கள். முணுமுணுப்பாக ஒரு நினைவைச் சொல்லிவிட்டு, அடுத்த நொடி மேசையைத் தட்டிச் சிரிப்பார்கள். அளவைச் சற்றுத் தாழ்த்தி வைத்துப் பதிந்தாலும் இரண்டுமே கெடாமல் கிடைப்பதற்கு இந்த இடைவெளிதான் காரணம்.

வீட்டுக்கு வாங்கும் இடைமுகத்தில் இரண்டு ஒலிவாங்கிகளைச் செருகலாம். ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் வானொலி நிலையத்துக்கும் அது போதாது. இன்று நான்கு பேர் உரையாடல், நாளை நாற்பது பேர் இசைக்குழு. அதற்காக வந்தவைதான் துண்டு துண்டாக மாற்றக்கூடிய இடைமுகங்கள். வெளிப்பெட்டி ஒன்று, உள்ளே அட்டைகளுக்கான இடங்கள் பல. சுவிட்சர்லாந்தின் மெர்ஜிங் டெக்னாலஜீஸ் நிறுவனம் செய்த ஹோரஸ் என்ற பெட்டியில் ஆறு இடங்கள், அதன் தம்பியான ஹாப்பியில் இரண்டு. எட்டு ஒலிவாங்கிகளுக்கு ஓர் அட்டை, ஒலிபெருக்கிகளுக்கு ஓர் அட்டை, ஒரே கம்பியில் 64 தடங்களைக் கொண்டுபோகும் மாடி என்ற தரத்துக்கு ஒன்று என்று தேவைக்கேற்பச் செருகிக்கொள்ளலாம். அஞ்சறைப்பெட்டியில் கிண்ணத்தை மாற்றுவது போலத்தான். ஓர் அட்டை பழுதானால் அதை மட்டும் மாற்றினால் போதும். பத்து வருடம் கழித்துப் புதிய தரம் வந்தாலும் பெட்டியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

இந்தக் கதையில் எங்கள் நகரத்துக்கும் இடமுண்டு. 1920 மே 20 அன்று மொன்றியலில் மார்க்கோனி நிறுவனத்தின் எக்ஸ்டபிள்யூஏ நிலையம் ஒலிபரப்பிய இசை நிகழ்ச்சியை, ஒட்டாவாவில் கூடியிருந்த கனடா ராயல் சொசைட்டியின் அறிஞர் கூட்டம் கேட்டது. வேறு ஊரில் எழும் குரலை ஓர் அவை கூடியிருந்து கேட்பது இங்கே நூறு வருடத்துக்கு மேற்பட்ட வழக்கம்.

நூறு வருடம் கழித்து அதே நகரத்தில் இன்னொரு மாற்றம் நடந்தது. 1973இல் திறந்த தன் கோபுரத்தை விட்டு, ரேடியோ-கனடா பக்கத்திலேயே எழுந்த புதிய கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஒலியும் படமும் தனித்தனிக் கம்பிகளில் போவதில்லை; கணினி வலையமைப்பில் பொட்டலங்களாகப் போகின்றன. 2017இல் வெளிவரத் தொடங்கிய எஸ்டி 2110 என்ற தரங்கள் இதற்கு அடிப்படை. ஒலிக்கு அதன் வேர் 2013இல் வந்த ஏஇஎஸ்67. அதன் அடிப்படை அமைப்பில் ஒரு பொட்டலத்தில் இருப்பது ஒரு மில்லி நொடி ஒலி, அதாவது 48 அளவுகள். ஒரே பொட்டலத்தை இரண்டு வலைப்பாதைகளில் அனுப்பவும் வழியுண்டு. ஒரு பாதை அறுந்தாலும் கேட்பவருக்குத் தெரியாது.

இவ்வளவும் ஒழுங்காக நடக்க எல்லாப் பெட்டிகளும் ஒரே கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். இது நமக்கும் பொருந்தும். கேமரா ஒரு கடிகாரத்திலும் ஒலிப்பதிவு இன்னொன்றிலும் ஓடி, இரண்டுக்கும் பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தால், ஒரு மணி நேரத்தில் 0.18 நொடி விலகிவிடும். இரண்டு மணி நேர உரையின் முடிவில் உதடு ஒரு சொல்லும் காது இன்னொரு சொல்லும் சொல்வது இதனால்தான்.

எதிரொலிக்கும் ஒரு விடை இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. மண்டபத்தில் கூட்டம், பேச்சாளர் லண்டனிலிருந்து சூம் வழியாக வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மண்டபத்தின் மொத்த ஒலியையும் அவருக்கு அனுப்பினால், அவர் குரல் சற்றுத் தாமதமாக அவருக்கே திரும்பிப் போகும். யாராலும் அப்படிப் பேச முடியாது. வானொலிக்காரர்கள் அவருக்கு அனுப்பும் கலவையில் அவர் குரலை மட்டும் கழித்துவிடுவார்கள். மிக்ஸ் மைனஸ் என்பது இதன் பெயர். உள்ளேயே கலவைப் பலகை உள்ள இடைமுகத்தில் இதை ஒருமுறை அமைத்துவிட்டால் போதும்.

அப்படியானால் நம் வாசகர் வட்டத்துக்கு ஆறு அட்டைப் பெட்டி தேவையா? இல்லை. நான்கு ஒலிவாங்கிகளைச் செருகக்கூடிய, உள்ளே கலவை வசதியுள்ள சிறிய இடைமுகம் போதும். ஒலிவாங்கி பேசுபவரின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். வீட்டிலிருந்து பேசுபவர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டால் பாதி எதிரொலி அங்கேயே ஒழிந்துவிடும். யாராவது பாடிக் காட்டப் போகிறார் என்றால் சூமின் இரைச்சல் நீக்கத்தை அணைத்துவையுங்கள். நீட்டிப் பாடும் சுரத்தை இரைச்சல் என்று எண்ணி அது விழுங்கிவிடக்கூடும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, இணையத்துக்குப் போகும் முன்பே இடைமுகத்திலிருந்து தனியாக ஒரு பதிவு எடுத்துவைப்பது. நேரலையில் கேட்பது சுருக்கப்பட்ட ஒலி. இணைப்பு தடுமாறிய இடமெல்லாம் அந்தப் பதிவிலும் தடுமாறித்தான் இருக்கும்.

என்னிடம் ஒரு மூத்த எழுத்தாளரின் உரை இருக்கிறது. தன் ஊரையும் அங்கே எரிந்துபோன தன் புத்தகங்களையும் பற்றிப் பேசுகிறார். ஓரிடத்தில் ஒரு நண்பரின் பெயரைச் சொல்கிறார். அந்தப் பெயர் வரும் நொடியில் ஒலி உடைந்துவிடுகிறது. எழுத்தில் பெயர்த்தபோது அங்கே புள்ளிகள் மட்டும் இட்டோம். கேட்டுத் தெரிந்துகொள்ள இன்று அவர் இல்லை.

அச்சில் ஒரு சொல் விடுபட்டால் அடுத்த பதிப்பில் சேர்க்கலாம். பேச்சுக்கு அடுத்த பதிப்பு கிடையாது. 48,000 அளவு, 24 பிட், ஒரு குரல், ஒரு மணி நேரம்: சுருக்காமல் வைத்தால் 518 மெகாபைட். இரண்டு மணி நேர உரை இரண்டு ரூபாய் நாணயம் அளவுள்ள ஒரு நினைவக அட்டையின் மூலையில் அடங்கிவிடும். அதில் ஒரு பிரதி உங்களிடமும் இன்னொரு பிரதி வேறொரு நகரத்தில் வேறொருவரிடமும் இருக்கட்டும்.